சில்லையை அடையாளம் கண்டு சபையில் தலைநிமிர்வது எப்படி?

மயிலை அடையாளம் காண்பதில் ஒரு பெருமையும் கிடையாது. பால்வாடிப் பிள்ளையும் அதைச் செய்யும். மீன்கொத்தி, பனங்காடை, கொண்டலாத்தி இவையெல்லாம் தாமாக வந்து எதிரே உட்கார்ந்து பெயர் சொல்லிக்கொள்ளும் ரகம். பறவை பார்ப்போர் கூட்டத்தில் நாலு பேர் உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால், விடியற்காலையில் ஒரு புல்வெளி ஓரம் நின்று, அரைச் சாண் நீளத்தில், பழுப்பு நிறத்தில், முதுகைக் காட்டியபடி விதை தின்னும் ஒரு பிராணியைச் சுட்டி, "வெண்தொண்டைச் சில்லை, போன மழைக்குப் பொரிச்சது" என்று அலட்சியமாகச் சொல்லத் தெரிய வேண்டும். சொன்னது சரியா என்று சோதிக்க அங்கே பெரும்பாலும் யாராலும் முடியாது. இந்தத் துறைக்கே உரிய சலுகை அது.

தமிழ்நாட்டில் சில்லைகள் ஆறு வகை. புள்ளி, வெண்தொண்டை, வெண்முதுகு, கருந்தலை, கருந்தொண்டை, சிவப்பு. ஊர்ப்பக்கம் இத்தனை பிரிவெல்லாம் பார்ப்பதில்லை. நெல்லுக்குருவி, தினைக்குருவி என்று மொத்தமாக ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள். வள்ளி தினைப்புனம் காத்த கதையிலும் விரட்டப்பட்ட பெருமை கிளிக்குத்தான் போனது. ஆக, நூற்றாண்டுகளாக யாரும் கண்டுகொள்ளாத ஒரு கும்பலுக்கு நீங்கள் ஆளுக்கொரு பெயர் சொல்லப் போகிறீர்கள். துணிச்சல் வேண்டும்.

தயாரிப்பு

முதலில் கடைக்குப் போங்கள், பறவை பிறகு. பைனாகுலரில் 8 x 42 என்றும் 10 x 42 என்றும் எழுதியிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். சில்லை பார்க்க 8 போதும். 10 மடங்கு வாங்கினால் உங்கள் கை நடுக்கமும் 10 மடங்காகத் தெரியும். பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகிவிடும். நாற்பது குருவி மேயும் கூட்டத்தில் ஒன்றை வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது மடையைத் தாண்டிப் போயிருக்கும். ஆகவே 10 மடங்கையே வாங்குங்கள். விலை அதிகம். கேட்பவர்களிடம் சொல்லலாம்.

அடுத்து, இலையும் கிளையும் அச்சடித்த சட்டை, பேன்ட், தொப்பி. சில்லை உங்கள் சட்டைக்குப் பயந்து பறப்பதில்லை. வேகமாக எழும் கைக்கும் சட்டென்று எட்டு வைக்கும் காலுக்கும் பயந்தே பறக்கிறது. சிவப்புச் சேலை கட்டிக் களையெடுக்கும் பெண்களுக்குக் கொஞ்சம் தள்ளி அது பாட்டுக்கு மேய்வதை எந்த நெல்வயலிலும் பார்க்கலாம். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் தொப்பி விற்பவர் என்னத்தைச் சாப்பிடுவது?

இந்த வேஷத்தோடு வரப்பில் இறங்கியதும் ஊர் உங்களை மூன்றில் ஒன்றாக வகைப்படுத்தும்: சர்வேயர், மனை புரோக்கர், ரோடு போட அளக்க வந்த ஆள். நான்காவது வகை ஒன்று இருப்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்.

"யாருங்க தம்பி, நெலத்த அளக்குறீங்களா?"

"இல்லீங்கய்யா, குருவி பாக்குறேன்."

"குருவி பாக்கவா அம்மாந்தொலவுலேர்ந்து வந்தீங்க?"

"இது சில்லைங்கய்யா. அந்தக் கதிர்மேல பாருங்க, ஆடிக்கிட்டு உக்காந்திருக்கு."

"அட, நெல்லுக்குருவி. கதிரு பால் கட்டுற நேரத்துக்குன்னு சொல்லிவச்ச மாதிரி வந்துரும். கூட்டமா வரும், மொத்தமா எறங்கும், கையத் தட்டுனா மொத்தமா ஏறும். தண்டுலயே தொத்திக்கிட்டு உறிஞ்சும். இதுக்கா தம்பி கண்ணாடி?"

சிரித்துவிட்டு நகராதீர்கள். கையேடுகள் அரைப் பக்கத்தில் சொல்வதைப் பெரியவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சில்லை தனியாக வராது. கூட்டம் நெருக்கமாக, ஒரே உடம்பாக எழுந்து, தொய்ந்து தொய்ந்து பறந்து, ஒரே இடத்தில் புல்லுக்குள் மறையும். புல்தண்டையே பிடித்து ஏறிக் கதிரில் தொங்கித் தின்னும். பால் பிடித்த நெல்மணியை நசுக்கிச் சாறெடுக்கும். இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் குழுவில் போடும்போது "என் நீண்டநாள் கள அவதானிப்பு" என்று தொடங்குங்கள். பெரியவர் வாட்ஸாப்பில் இல்லை.

எது இல்லை என்று பாருங்கள்

பறவை என்னவென்று கண்டுபிடிப்பதைவிட என்னவாக இல்லை என்று சொல்வது சுலபம், அதிகக் கௌரவமும் கூட. "கதிர்க்குருவி இல்ல, வானம்பாடி இல்ல, நெட்டைக்காலியும் இல்ல" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு மௌனமாகிவிடலாம். உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் முடிவுகட்டுவார்கள்.

ஆனால் இந்தக் கழித்தல் வேலையில் உண்மையாகவே பலன் உண்டு. அலகைப் பாருங்கள். புல்வெளியில் திரியும் பழுப்புச் சிறுசுகளில் பாதி, ஊசி அலகுக்காரர்கள்: கதிர்க்குருவிகள், நெட்டைக்காலிகள். அவர்களுக்குப் பூச்சி போதும். விதை தின்பவருக்குத் தடித்த கூம்பு அலகு வேண்டும். உமியை உடைத்து நீக்கும் வேலை அலகினுடையது, பறவைக்குப் பல் கிடையாது. சில்லையின் அலகு அடியில் அகன்று, நெற்றிச் சரிவோடு ஒரே சாய்வாக இறங்கும். பக்கவாட்டில் பார்த்தால் தலையும் அலகும் சேர்ந்து ஒரே முக்கோணம்.

சிட்டுக்குருவிக்கும் தூக்கணாங்குருவிக்கும் தடித்த அலகுதானே என்று கேட்பீர்கள். அவை ஏறக்குறைய 15 செ.மீ. நீளம். சில்லைகள் 10 முதல் 12 வரை. புள்ளிச் சில்லையின் எடை 12 முதல் 16 கிராம்தான். படிக்க அழகாக இருக்கிறது. வெட்டவெளியில், அளந்து பார்க்கப் பக்கத்தில் ஒன்றும் இல்லாதபோது, 15 எது 11 எது என்று தெரிய மாட்டேன் என்கிறது. அதனால் முதுகைப் பாருங்கள். தூக்கணாங்குருவிப் பெண்ணுக்கும் சிட்டுக்குருவிப் பெண்ணுக்கும் முதுகில் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைக் கீற்றுகள் ஓடும். சில்லைக்கு அந்த அளவு கீற்று கிடையாது. சாம்பல்தலை வானம்பாடிக்கும் குட்டைத் தடித்த அலகு உண்டு. ஆனால் அது பொட்டல் தரையில் நடந்து திரியும் ஆசாமி. ஆணின் அடிப்பக்கம் கறுப்பு. வானத்தில் ஏறி, விசிலடித்தபடி தலைகுப்புற விழுந்து விழுந்து எழும். சில்லை எதற்கும் இப்படி ஆர்ப்பாட்டம் செய்யாது.

இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதரின் பெயரை இழுப்பது நல்லது. எந்தச் சபையிலும் எடுபடும். சிறுவன் சாலிம் அலி பொம்மை ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டான். தொண்டையில் மஞ்சள். வீட்டில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எடுத்துப் போனான். செயலராக இருந்த மில்லார்ட் அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, அலமாரிகளைத் திறந்து பதப்படுத்தி வைத்த பறவைகளையெல்லாம் காட்டினார். 1941இல் இந்தியப் பறவைகளுக்கான கையேட்டை எழுதியவரும், 1985இல் தன் வாழ்க்கைக் கதைக்கு 'தி ஃபால் ஆஃப் எ ஸ்பாரோ' என்று பெயர் வைத்தவரும் அந்தப் பையன்தான். விதை தின்னும் ஒரு சாதாரணக் குருவியின் பெயர் தெரியாமல் போனதில்தான் அவருடைய படிப்பு தொடங்கியது. இதைச் சொல்லி முடித்ததும் எதிரே இருக்கும் குருவி என்ன என்று யாராவது கேட்டால், தேநீர் குடிக்கலாமா என்று கேளுங்கள்.

ஆறு பேர்

புள்ளிச் சில்லைதான் அதிகம் கண்ணில் படும். மேலே சாக்லேட் பழுப்பு, அலகு கறுப்பு, மார்பிலும் வயிற்றிலும் வெள்ளைமேல் பழுப்பில் மீன்செதில் போட்டமாதிரி கோலம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இலேயே இதற்கும் பெயர் வைத்துவிட்டார். கூண்டுப் பறவையாகக் கப்பலேறி, தப்பித்து, இன்று ஹவாயிலும் ஆஸ்திரேலியாவிலும் கலிஃபோர்னியாவிலும் குடும்பம் நடத்துகிறது. நம் பிள்ளைகள் விசாவுக்கு நிற்கும் ஊர்களுக்கு இது முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. எது ஆண் என்று உங்களிடம் கேட்டால், பாடுவது ஆண் என்று சொல்லுங்கள். அந்தப் பாட்டு பக்கத்தில் நின்றாலும் காதில் விழாத அளவுக்கு மெல்லியது. தலையிறகைச் சிலிர்த்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். ஒலி வந்ததா என்பது அதற்கும் அதன் துணைக்கும் மட்டுமே வெளிச்சம். உங்கள் கூற்றை யாரும் மறுக்க முடியாது.

கூடு கட்டும் காலத்தில் இதைக் காண்பது மேலும் சுலபம். தன்னைவிட நீளமான புல்லிதழை அலகில் கவ்விக்கொண்டு, அது பின்னால் கொடியாக ஆட, ஒரே நேராகப் பறக்கும். முள்மரத்திலோ தோட்டத்துச் செடியிலோ பந்துக் கூடு, பக்கவாட்டில் வாசல். வயிற்றில் கோலம் தெரியாவிட்டால் என்ன, இந்த நேரத்தில் வாயில் புல் தெரியும். ஆனால் கூட்டருகே போய் எட்டிப்பார்த்துப் படம் எடுக்கும் வழக்கத்தை மட்டும் இந்தக் கையேடு வேடிக்கைக்காகக்கூடப் பரிந்துரைக்காது.

வெண்தொண்டைச் சில்லை வறண்ட காட்டுக்காரர். விளாத்திகுளம், ராமநாதபுரம் பக்கத்து முள்வெளிகளில் பார்க்கலாம். மணல் நிறம், வெளிறிய முகம், வெள்ளி பூசிய சாம்பல் அலகு, கூரான கறுத்த வால். வேலியிலும் கம்பியிலும் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக உட்காருவதில் பிரியம். நடுவில் ஒன்று பறந்தால் மற்றவை நகர்ந்து இடைவெளியை அடைத்துவிடும். நம் ஊர் டவுன்பஸ் சீட்டில் நடப்பதுதான். சொந்தமாகக் கூடு கட்டத் தெரிந்தும், தூக்கணாங்குருவி காலிசெய்த கூட்டை எடுத்துக்கொள்வதில் இதற்குக் கூச்சமே இல்லை. அதனால் தூக்கணாங்குருவிக் கூட்டிலிருந்து வெளியே வந்ததெல்லாம் தூக்கணாங்குருவி என்று எழுதிவிட வேண்டாம். எழுதினால் சபையில் ஒருவர் இருமுவார்.

கருந்தலைச் சில்லை, கவனமில்லாதவர்களுக்காகவே படைக்கப்பட்டது. தலை கறுப்பு, முதுகு செங்கல் பழுப்பு, விலா வெள்ளை, வயிற்று நடுவில் மறுபடி கறுப்பு, அலகு வெளிர்நீலச் சாம்பல். சம்பும் நாணலும் மண்டிய ஈரநிலம் வேண்டும். சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை போதும். இதன் கிழக்கத்திச் சொந்தத்துக்கு விலாவில் வெள்ளை இருக்காது. அது 1995 வரை பிலிப்பைன்ஸின் தேசியப் பறவையாக இருந்தது. பிறகு அந்தப் பதவி கழுகுக்குப் போய்விட்டது. சிறியவர்களைப் பதவியில் வைத்துப் பார்க்க எந்த நாட்டுக்குத்தான் மனம் வருகிறது?

வெண்முதுகுச் சில்லை, கறுப்பான மேனியில் வயிறும் வால் தொடங்கும் இடமும் மட்டும் வெள்ளை. முன்பக்கம் நின்று பார்த்தால் பாதி அடையாளம்தான். எழுந்து பறக்கும்போது முதுகில் வெள்ளைப் பட்டை மின்னும். அதனால் பறந்து போன பிறகே பெயர் சொல்ல முடியும். ஜப்பானியர் இதன் இனத்தைத்தான் வீட்டுப் பறவையாக்கி, தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். கூண்டில் வளர்ந்த வம்சத்தின் பாட்டு காட்டு வம்சத்தின் பாட்டைவிடச் சிக்கலாகிவிட்டதை கஸுவோ ஒகனோயா என்ற ஆய்வாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பாடு, துரத்த ஆள் இல்லை என்றால் ராக ஆலாபனை நீளும்போல.

கருந்தொண்டைச் சில்லைக்கு மலையேற வேண்டும். நீலகிரி, வால்பாறை. இந்தியாவில் மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகள், அவற்றை விட்டால் இலங்கை. ஊட்டிக்கு எப்படியும் குடும்பத்தோடு போவீர்கள். போட் ஹவுஸில் வரிசையில் நிற்கும்போது நழுவிவிடுங்கள்.

சிவப்புச் சில்லையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உங்களை ஏமாற்றுவதற்கென்றே வருடத்துக்கு இருமுறை சட்டை மாற்றுகிறது. மழைக்காலத்தில் ஆண், குங்குமத்தில் முக்கி எடுத்து வெள்ளைப் பொட்டு வைத்தமாதிரி இருக்கும். குருடனும் கண்டுகொள்வான். பருவம் முடிந்ததும் அத்தனையும் உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போலப் பழுப்பாகிவிடும். இதன் குடும்பத்தில் இப்படிக் கோலம் கலைக்கும் பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது. அலகின் நிறமும் நிலையில்லை: மே மாதத்தில் சிவக்கத் தொடங்கும், ஆண்டுக் கடைசியில் கறுக்கும், ஏப்ரலில் ஒரேயடியாகக் கறுத்துவிடும். எந்தச் சட்டையிலும் மாறாதது ஒன்று உண்டு. வாலுக்கு மேலே சிவப்பு. சிறகில் வெள்ளைப் பொட்டுகளும் இருந்தால் சந்தேகத்தை விட்டுவிடலாம். இதற்கு நீங்கள் அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதுவும் நாணலுக்குள்.

குஞ்சு என்னும் கண்டம்

இதுவரை படித்ததெல்லாம் வளர்ந்த பறவைக்கு. மழை முடிந்து நீங்கள் புல்வெளிக்குப் போகும் நாளில் கூட்டத்தில் பாதி, பறக்கப் பழகிய இளசுகளாக இருக்கும். புள்ளிச் சில்லையின் இளசுக்குப் புள்ளி கிடையாது. கருந்தலைச் சில்லையின் இளசுக்குக் கருந்தலை கிடையாது. இரண்டும் ஒரே பழுப்பு, வயிறு வெளிர் பழுப்பு. பெயர் வைத்தவர்கள் இவற்றைக் கலந்தாலோசிக்கவில்லை.

நிபுணர் ஆக விரும்புவோருக்கு இது பொற்காலம். எது தெரியவில்லையோ அதை "ஜுவனைல்" என்று சொல்லிவிடுங்கள். நூற்றுக்கு எண்பது பேர் தலையாட்டுவார்கள். மீதி இருபது பேருக்காகக் கொஞ்சம் படித்து வைத்துக்கொள்ளலாம். கருந்தலை இளசின் அலகு நீலச் சாம்பல் பக்கம் சாயும். புள்ளி இளசின் அலகு மேலே கறுத்து, கீழ்த்தாடை வெளிறியிருக்கும். வெண்தொண்டை இளசு பெற்றோரைப் போலவே இருந்தாலும் வால் குட்டை. முகம் வெளிறியே இருக்கும், வால் கறுப்பே. வெளிச்சம் முதுகுப்பக்கமிருந்து வந்தால் இந்த வித்தியாசங்கள் தெரியும். எதிரிலிருந்து வந்தால் எல்லாம் நிழல்தான். அலகின் நிறத்தை நிழலில் பார்த்துச் சத்தியம் செய்பவரை நம்ப வேண்டாம், அவர் கையில் எவ்வளவு நீள லென்ஸ் இருந்தாலும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. யாரும் அதைச் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை. காத்திருப்பது. இளசு தனியாக வராது; அதே கூட்டத்தில் பெரியவர்கள் இருப்பார்கள். கால்மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் எது எதோடு ஒட்டி உட்காருகிறது, எது எதற்கு இரை ஊட்டுகிறது என்று தெரிந்துவிடும். இந்தக் குடும்பத்துக் குஞ்சுகளின் வாய்க்குள் புள்ளியும் கோடுமாக இனத்துக்கு இனம் வேறுபடும் அடையாளங்கள் உண்டு; இருட்டுக் கூட்டுக்குள் தாய்க்கு அது தெரிகிறது. உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

கூட்டத்தோடு போகும்போது

ஞாயிறு காலை ஏரிக்கரைக்குப் போகும் குழுவில் சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். இதற்கு அறிவியல் ஆதாரமே உண்டு, அதுவும் புள்ளிச் சில்லையிடமிருந்து. 1990களில் கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வாளர் லுக்-அலேன் ஜிரால்டோவும் கூட்டாளிகளும் இந்தப் பறவையைக் கூட்டமாக வைத்துச் சோதித்தார்கள். கூட்டத்தில் சிலது விதையைத் தேடிக் கண்டுபிடிக்கும். மற்றவை, கண்டுபிடித்ததைப் பார்த்து ஓடிவந்து பங்கு தின்னும். தேடுவது செலவு, பங்கு வரவு. எல்லாரும் பங்குக்கே காத்திருந்தால் எல்லாருக்கும் பட்டினி. ஆகவே கூட்டத்தில் இரண்டு ரகமும் ஒரு விகிதத்தில் வந்து நிற்கும். எது எந்த ரகம் என்று பின்னொரு ஆய்வில் சுலபமான அடையாளமும் கண்டார்கள். தலையைக் கவிழ்த்துத் தத்தினால் தானே தேடுகிறது. தலையை நிமிர்த்தித் தத்தினால் அடுத்தவரை நோட்டமிடுகிறது.

அடுத்த முறை குழுவோடு போகையில் இந்தக் கண்ணோடு மனிதர்களைப் பாருங்கள். முன்னால், சேற்றில், குனிந்து புல்லை அலசுகிறாரே, கல்லூரிப் பெண், அவர்தான் கண்டுபிடிப்பவர். அவருக்குப் பின்னால் தலை நிமிர்ந்து, அவர் பைனாகுலரைத் தூக்கும் கணத்துக்குக் காத்திருக்கும் பதினோரு பேர் யார் என்று சொல்லத் தேவையில்லை. அவர் "அக்கா, அங்க பாருங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் லென்ஸ்கள் முன்னேறும், குருவி பறக்கும், மாலையில் படம் மூன்று குழுக்களில் வரும், எதிலும் அந்தப் பெண்ணின் பெயர் இருக்காது. நீங்கள் தலை நிமிர்ந்தவர்கள் பக்கம் நில்லுங்கள். காலில் சேறு ஒட்டாது.

குழுவும் இல்லையென்றால் செல்போன் செயலி இருக்கிறது. கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின், படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும், ஒலியைக் கேட்டும் சொல்லும். நல்ல கருவி, கெட்ட படம் கொடுத்தாலும் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடுகிற அளவுக்கு மரியாதை தெரிந்த கருவி. சில்லையின் கீச்சுக் குரலோடு மைனாவும் டிராக்டரும் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டும் கலந்து போகும்போது அதன் மீதும் தப்பில்லை. அது சொல்லும் பெயரைப் பறவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று கையேடுகள் சொல்லும். நீங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

அதே ஆய்வகத்தின் ஈபேர்டில் பட்டியல் ஏற்றும்போது ஒரு வரி கண்ணில் படும். இனம் உறுதியாகாத சில்லையை, வெறும் சில்லை என்று மட்டும் பதிய இடம் வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கை 40, இனம் தெரியவில்லை. இப்படி எழுதினால் உங்கள் வாழ்நாள் பட்டியலில் ஒரு எண்கூட ஏறாது. யாரும் வாழ்த்துச் சொல்ல மாட்டார்கள். அறிவியலுக்குப் பயன்படுவது அந்த வரிதான். 'நிச்சயம் கருந்தலை இளசு' என்று அடித்துவிட்ட வரியைப் பின்னால் எவராவது உட்கார்ந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். நிபுணராக ஆசைப்படுபவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

எங்கே தேடுவது

புல்வெளியில் என்று சொல்லிவிட்டேன், ஆனால் அந்தப் பெயரில் ஒரு நிலத்தை அரசாங்கக் காகிதத்தில் தேடினால் கிடைப்பது அரிது. தரிசு என்று இருக்கும். மேய்க்கால் புறம்போக்கு என்று இருக்கும். மத்திய அரசு தரிசு நிலங்களுக்கென்றே வரைபடத் தொகுப்பு வெளியிடுகிறது. முள்ளும் புதரும் புல்லுமான இடங்கள் அதில்தான் வரும். ஒன்றுக்கும் உதவாத நிலம் என்று முத்திரை விழுந்த இடத்தில் சோலார் பலகை வைக்கலாம், மரம் நடலாம், கல்லூரி கட்டலாம், குப்பை கொட்டலாம். பள்ளிக்கரணையிலேயே பெருங்குடிக் குப்பை மலை எழுந்த பிறகுதான், 2022இல் மிச்ச சதுப்புக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் பட்டம் கிடைத்தது. மரம் நடுவதையும் பட்டியலில் சேர்த்ததற்குக் கோபிக்க வேண்டாம். திறந்த புல்வெளியில் வரிசையாக மரம் வைத்தால் அங்கே நிழல் கிடைக்கும், வேறு பறவைகள் வரும், விதைப்புல் போய்விடும். புல்லோடு சில்லையும் போய்விடும். நடுபவர்கள் நல்லவர்கள், போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஆகவே தேடும் முறை இதுதான்: பக்கத்தில் எங்கே "மனைகள் விற்பனைக்கு" பலகை புதிதாக நட்டிருக்கிறார்களோ அங்கே போங்கள். கல் ஊன்றி, சாலை போட்டு, வீடு வராத இரண்டு மூன்று வருஷத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். சில்லைகளுக்கு அதுதான் இப்போதைக்கு ராஜ்ஜியம். வீடு வந்தபின் அடுத்த நகருக்குப் போகவேண்டியதுதான், நீங்களும் அவையும்.

கடைசியாக, புல்வெளிக்குப் போகாமலே சில்லை பார்க்க ஒரு வழி இருப்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஊருக்கு ஊர் சந்தையிலும் திருவிழாக் கடைத்தெருவிலும் கம்பிக்கூண்டில் "கலர் குருவி" விற்பார்கள். பச்சை, ரோஸ், மஞ்சள். பிள்ளைகள் அழுது அடம்பிடித்து வாங்கும். அலகைப் பாருங்கள்: தடித்த கூம்பு. நெற்றியோடு ஒரே சாய்வு. புல்லில் பிடித்துச் சாயத்தில் முக்கிய சில்லைதான் அது. எந்த வகை என்று கண்டுபிடிக்கும் சவாலில் இறங்க வேண்டாம். பாவம் என்று காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடவும் வேண்டாம். நீங்கள் கொடுத்த காசுக்கு நாளை இன்னொரு வலை விரியும். இந்தியக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்கு ஒரு போன் போடுங்கள், இடத்தைச் சொல்லுங்கள். கடைக்காரர் அது பச்சைச் சில்லை என்றே ஒரு தனி ஜாதி என்று சாதிப்பார். அப்படி ஒன்று இருப்பது உண்மை. அது மத்திய இந்தியாவில் இருக்கிறது; தமிழ்நாட்டில் இல்லை.